மேற்கே சூலம்

மாமியார் வீடு கரூரில், திருச்சிக்கு மேற்கே. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்று சொல்லியே தணிகைவேல் எட்டு வருடமாகத் தப்பித்து வந்தார். பரிகாரமாக வெல்லம் தின்றுவிட்டுப் போகலாமே என்று மனைவி கோமளா கேட்டால், "எனக்குச் சர்க்கரை இருக்குல்ல?" என்பார்.

இந்த மாதம் வால்நட்சத்திரத்தின் வால் பூமியை உரசியதில் காந்தமுள் கண்டபடி சுற்ற ஆரம்பித்தது. முள் காட்டுவதே திசை என்று பஞ்சாங்கக்காரர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஞாயிறு காலை கோமளா கைபேசியை நீட்டினாள். "என்னங்க, கரூர் இப்போ தெற்கே இருக்கு. கிளம்புங்க."

போனார்கள். மாமனார் தன் பித்தப்பை ஆபரேஷன் கதையை மூன்று முறை சொன்னார். மாலை ஐந்து மணிக்குத் தணிகைவேல் செருப்பைத் தேடியபோது, மாமனார் தன் கைபேசியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, முள்ளு திரும்பிடுச்சு. திருச்சி இப்போ மேற்கே. இருந்துட்டு நாளைக்குப் போங்க. அந்த ஆபரேஷன்ல இன்னொரு விஷயம்..."

"கொஞ்சம் வெல்லம் குடுங்க அத்தை, பரிகாரம் பண்ணிட்டுக் கிளம்பிடறேன்!"

எழுந்த மாமியாரைக் கோமளா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வேணாம்மா. அவருக்குச் சர்க்கரை இருக்குல்ல?"