கை வைத்தது யார்

"இன்னும் அந்த மஞ்சள் முக்கோணம் இருக்கா?" உள்ளறையிலிருந்து கணவன் கேட்டான்.

"இருக்குங்க."

கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் உடுத்தும் பழைய பாவாடை. திரையில் தெரிகிற பாதியைத்தானே பார்க்கப் போகிறார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் நேர்காணல். கடல் கடந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அவள் விட்டுவிட்டு வந்த அதே வேலை. போனில் பேசுவது கூடாதாம், கம்ப்யூட்டரில்தான் வர வேண்டுமாம்.

சொல்லி வைத்தாற்போல் இன்றைக்கு இணையம் படுத்துவிட்டது.

கணவனும் படுத்துத்தான் கிடந்தான், போன மழைக்காலத்திலிருந்து. அடுக்குமாடி வீடுகளுக்கு இணைய வயர் இழுத்து இணைப்புக் கொடுப்பது அவன் தொழில். ஏணி சறுக்கி விழுந்த பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

கட்டிலிலிருந்து பார்த்தால் திரை தெரியாது. தெரியவும் வேண்டாம். எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நெட்வொர்க் செட்டிங்ஸ் திற. அடாப்டர்னு ஒண்ணு இருக்கும்."

"காணோமே."

"இருக்கும். கீழ வா."

கீழே வந்தாள். ஆற அமர வந்தாள்.

முதுகு புண்ணாகாமல் இருக்க அவனை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் ஓட்டமாகத்தான் திரும்புவாள்.

"தம்பியை நான் பாத்துக்கறேன். ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்," என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். போ என்று அவனும் சொல்லிவிட்டான். எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். அதில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்குமிடத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். சின்ன அறை. ஒரே ஒரு கட்டில். முந்தாநாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் மனசு இவ்வளவு லேசாக இருக்கிறது என்று யோசித்ததும் திடுக்கிட்டுப் படத்தை மூடிவிட்டாள்.

"ஐ.பி. அட்ரஸ்ல ரெண்டு வட்டம் இருக்கும். மேல இருக்கறது தானா எடுத்துக்கறது. கீழ இருக்கறது நாமளா போடறது. புள்ளி எதுல இருக்கு?"

"கீழ. ஏதோ நம்பர் போட்டிருக்கு."



"அது தானா மாறாது. யாரோ கை வெச்சிருக்காங்க."

"நேத்து அக்கா வந்தாங்களே. எதையாவது அமுக்கியிருப்பாங்க."

"இருக்கும்."

டிவியில் சத்தத்தைக் கூட்டச் சொன்னாலே நாத்தனார் ரிமோட்டைத் தொடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாள். அது இருவருக்கும் தெரியும்.

"எங்கெங்க கை வெச்சிருக்கோ, ஒவ்வொண்ணா தேடிக்கிட்டிருந்தா நேரம் போயிடும். மொத்தமா நெட்வொர்க் ரீசெட் பண்ணிடு. யார் என்ன போட்டிருந்தாலும் அழிஞ்சிடும்."

பொத்தான் கிடைத்தது. நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் ஒரு தரம் கேட்டது.

"என்னங்க, வேற தேதி கேட்டுப் பாக்கட்டுமா?"

"அமுக்கு."

அமுக்கினாள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி உயிர் பெற்றது. மூலையில் முக்கோணம் இல்லை.

"வந்துடுச்சா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நேர்காணல் அழைப்பு ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

"இங்க பாரு," என்றான். குரலில் கோபம் இல்லை. வேலைக்குப் புதிதாய் வந்தவருக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற குரல். "அடுத்த தடவை நெட்டைக் கெடுக்கணும்னா செட்டிங்ஸ்ல கை வெக்காத. வயரைப் பிடுங்கிடு. படுத்த இடத்துலேருந்து அதை மட்டும் என்னால கண்டுபிடிக்க முடியாது."

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு வழியே போர்வைக்கு வெளியே அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

வயர் அவள் காலடியில்தான் கிடந்தது. கால் கட்டைவிரலால் இழுத்தாலே கழன்றுவிடும்.

அழைப்பு ஒலித்துக்கொண்டே இருந்தது.

முகத்தைத் துடைத்து, சட்டைக் காலரை நீவிவிட்டு, பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. ஏதாவது பிரச்சனையா என்று நடுவில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"நெட்ல சின்னக் கோளாறு," என்றாள். "வீட்டுக்காரர் சரி பண்ணிட்டார்."