ஆள் இருக்கு

"இன்னும் ஒரு தெரு பெருக்கச் சொன்னா இங்கேயே உக்காந்துருவேன். அடிவயிறு கல்லு மாதிரி இறுகிக் கிடக்குடி."

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள் தெரு பெருக்குகிறவள். விடியுமுன் கையில் எடுத்த துடைப்பம். இப்போது மணி பத்தரை. கூட வேலை செய்கிறவளுக்கு ரேடியோ என்று பேர். வாய் ஓயாது.

"முக்கு ஓட்டல்ல கேட்டுப் பாரேன்க்கா."

"நேத்தே கேட்டாச்சு. இந்தத் துப்புரவுப் பச்சைச் சட்டையப் பாத்ததும் 'கக்கூஸ் ரிப்பேரு'ன்னுட்டான். அவன் வாசல் எச்சில் இலைய அள்ள மட்டும் நான் வேணும்."

போன மாதம் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தவள். இனி அடக்கினால் சிறுநீரகமே போய்விடும் என்று சொன்ன டாக்டரம்மா, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். குடிக்கலாம். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவர் கொடுத்த மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

இருவரையும் இந்த வார்டுக்கு மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. பார்க்க லட்சணமான வார்டு. நடுச் சதுக்கத்தில் நீரூற்று. சுற்றிலும் சிவப்புக் கல் பதித்த நடைபாதை. சுவரெல்லாம் பறக்கும் கொக்குகள். மூலையில் புத்தம்புதுக் கழிப்பறை. நெற்றியில் 'மகளிர்' என்று பெரிய எழுத்து. கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் காவலாளி.

"தம்பி, கொஞ்சம் எந்திரி. அவசரம்."

"இன்னும் திறப்பு விழா ஆகலக்கா."

"கட்டி முடிச்சு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

"எவரு வந்து திறக்கணுமாம்?"

"அமைச்சரு. அவரு தேதி கொடுக்கல."

"முதல் ஆளா அவரு போயிட்டு வருவாரோ?" என்றாள் ரேடியோ. "மகளிர்னு போட்டிருக்கே, எப்படி விடுவீங்க?"

காவலாளி சிரிக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்குக்கா, அங்க போங்க."

"அங்க போயிட்டு வர்றதுக்குள்ள மேஸ்திரி ஆப்சென்ட் போட்டுருவான். போனா சம்பளம் போகும், போகலன்னா உடம்பு போகும். நீயே சொல்லு, எத விடட்டும்?" வலியில் அவள் குரல் ஏறியது. "அந்த நீரூத்தைப் பாரு. நாள் பூரா நடுத்தெருவுல நின்னு ஊத்திக்கிட்டு இருக்கு. அது ஊத்தினா அழகு, நான் ஒதுங்க இடம் கேட்டா விழா வைக்கணுமா?"

"நான் என்னக்கா பண்றது? எனக்கு மேல இருக்கறவங்க சொன்னதுதான்."

"உனக்கு மேல இருக்கறவனுக்கெல்லாம் ஆபீஸ்லயே கக்கூஸ் இருக்குடா!"

பேச்சு அவ்வளவுதான். நாற்காலியை அவரோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளினாள். பதினெட்டு வருஷம் குப்பை வண்டி தள்ளிய கை. அவர் தடுமாறி எழுவதற்குள் கதவில் கை வைத்துவிட்டாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஓங்கித் தட்டினாள்.

"ஆள் இருக்கு!"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். கழிப்பறைக் கதவைத் தட்டினால் யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிற அதே வார்த்தை. காவலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஓகோ!" என்றாள் பெருக்குகிறவள். "அமைச்சரு வராம கதவு திறக்காதுன்னியே. உள்ள யாரு, அமைச்சரம்மாவா?"

"கத்தாதீங்கக்கா. கூட்டம் கூடினா எல்லாம் போயிரும்."

"கூடட்டும்! வேண்டப்பட்டவங்கள உள்ள விடுறதுக்கு ஆளுக்கு எவ்வளவு வாங்குற?"

"சத்தியமா பத்துப் பைசா வாங்கலக்கா. அது என் சம்சாரம்."

"நல்லாருக்குடா நியாயம்! உன் பொண்டாட்டிக்கு வந்தா மூத்திரம், எங்களுக்கு வந்தா கொழுப்பா? நகராட்சி கட்டினத உன் வீட்டுக் கக்கூஸாவே ஆக்கிட்டியா?"

"விடாதக்கா. அவ எவ்வளவு நேரம் உள்ளயே இருக்கான்னு பாப்போம்" என்று ரேடியோ போனை எடுத்தாள். "இப்பவே வார்டு ஆபீஸுக்குப் போடுறேன். வந்து பாக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்மா!"

ரேடியோவின் கையைப் பிடிக்கப் போன காவலாளி, பிடிக்காமல் நின்றார். இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் கதவைத் தட்டினார்.

"திற. பரவால்ல. நம்மள மாதிரி ஆளுங்கதான்."

தாழ்ப்பாள் விலகியது. பாய்ந்து உள்ளே போகக் காலைத் தூக்கிய பெருக்குகிறவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கை கழுவும் தொட்டிக்குள் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. தடுப்புச் சுவரில் ஈரச் சட்டைகள் தொங்கின. முதல் அறையில், கழிப்பறைப் பீங்கானை மூடிப் போட்ட பலகையின் மேல் அடுப்பு எரிந்தது.

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள் காவலாளியின் மனைவி, கொதிக்கிற பானையைத் துணியால் பிடித்து இறக்கிக்கொண்டே. "அடுப்பையும் பலகையையும் எடுத்துடுறேன், நீங்க போங்க."

"இதக் கட்டத்தான் எங்க வீட்ட இடிச்சாங்கக்கா" என்றார் காவலாளி, தலையைத் தூக்காமல். "மாத்து வீடு தர்றோம்னு நகராட்சி எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த வீடு இன்னும் பாக்கி."