சம்பந்தி கேட்ட ஓட்டல்

காலையில் ஒரு வாய் காபி கேட்டதற்கு, எட்டு மணிக்குத்தான் கிச்சன் திறக்கும் என்றார்கள் போனில்.

ஹேமாவதி சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். போதும். கீழே போய் அந்த மேனேஜரை ஒரு பிடி பிடித்துவிட வேண்டியதுதான்.

பூட்டிக் ஓட்டலாம்! பூட்டிக் என்றால் ஜாக்கெட் தைக்கிற கடை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அங்கேயாவது கொடுத்த துணியை உருப்படியாகத் தைத்துத் தருவார்கள்.

விளம்பரப் படத்தில் நீரும் நாணலும் பறவைகளுமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வரிசையாகத் தண்ணி லாரிகள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அதன் வாடை மட்டும் அறைக்குள் இருந்தது.

பாத்ரூமுக்குச் சுவரே கிடையாது, கண்ணாடி. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன்தான், அதற்காக? ராஜகோபாலை வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் குளித்தாள். வாளி இல்லை, மக் இல்லை, தலை நனையாமல் குளிக்க ஒரு வழியும் இல்லை.

இதற்கு ஒரு ராத்திரிக்கு வாங்குகிற காசில் கீழ்க்கட்டளையில் ஒரு மாசத்துக்கு வீடே கிடைக்கும். மெயின் ரோட்டில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவளுக்குத் தெரியாதா?

காசு கிடக்கட்டும். விஷயம் கல்யாணம்.

மகள் மோனிஷா ஆசைப்பட்ட பையன் கேஷவ். அவன் அம்மா லோகநாயகி சரி என்று சொல்லவே இரண்டு வருஷம் இழுத்தடித்தாள். சேலையூர் காலனிக்காரி, ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவள். நெல் விளைந்த நிலத்தில் கடை கட்டி முன்னுக்கு வந்த குடும்பம் என்றால் அவளுக்கு ஒரு இளக்காரம்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்க இடம் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. மண்டபத்திலேயே ஏசி ரூம்கள் தயாராக இருந்தன. "எங்க சைடுக்கு மண்டபத்து ரூமெல்லாம் செட் ஆகாதுங்க" என்று இந்த ஓட்டலைக் காட்டியது லோகநாயகிதான்.

கல்யாணத்தன்று ஒரு காபி தாமதமானால் போதும், பேரன் பேத்தி எடுத்த பிறகும் மோனிஷாவுக்கு அது சொல்லிக் காட்டப்படும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வந்தாள் ஹேமாவதி.

பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் போனில் படமும் பிடித்தாயிற்று. சம்பந்திக்கு அனுப்பி, உங்க ஓட்டல் லட்சணத்தைப் பார்த்தீங்களா என்று கேட்டுவிட வேண்டும். ஹேமாவதியிடம் வாய் கொடுத்து இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

மோனிஷாதான் நேற்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அவங்ககிட்ட ஜெயிச்சுடாதம்மா. அந்த வூட்ல போய் இருக்கப்போறது நான்."

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

படியில் இறங்கும்போதே கீழே ஒரே ரகளை. ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு அம்மாள், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேனேஜரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். மக் இல்லையாம். கண்ணாடிச் சுவராம். காபிக்கு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டுமாம்.

ஹேமாவதிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நல்லா கேளு தாயி! கூடச் சேர்ந்துகொள்ளலாம் என்று வேகமாக இறங்கினாள்.

"இந்த இடத்துக்காக சம்பந்தி வீட்ல சண்டை போட்டிருக்கேன் சார். இப்ப எந்த மூஞ்சியோட வேணாம்னு சொல்றது?"

லோகநாயகி!

அவளும் ரகசியமாக ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வந்திருக்கிறாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தே போயிருந்தது.

இன்னும் நாலு படிதான். இறங்கிப் போய், என்ன சம்பந்தி, நல்லா தூங்கினீங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். இரண்டு வருஷ ஆத்திரமும் தீர்ந்துவிடும். அடடா, எப்பேர்ப்பட்ட வாய்ப்பு!

மகளின் முகம் வந்து தொலைத்தது.

பூனை மாதிரித் திரும்பி ஏறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள்.

"சம்பந்தி, சொல்லவே கூச்சமா இருக்கு. அந்த மாதிரி ஓட்டல்ல வந்து உங்களை எப்படி கவனிக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க ஆளுங்களுக்கு அவ்ளோ நாகரிகம் பத்தாது. மண்டபத்துலயே தங்கிக்க மனசு வைங்களேன்."

நாகரிகம் பத்தாது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பின்னாலிருந்து மேனேஜர், வாளி அனுப்பிடறேன் மேடம் என்று கெஞ்சுவதும் கேட்டது.

"டிவி சத்தம்," என்றாள் லோகநாயகி. அதற்குள் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "சரி, மோனிஷாவுக்காக விட்டுக்கொடுக்கறேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரி இல்ல."

"உங்க பெரிய மனசு யாருக்கு வரும் சம்பந்தி," என்று போனை வைத்த ஹேமாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ராஜகோபால் போர்வையை விலக்கிப் பார்த்தார். "இன்னா, மேனேஜரை ஒரு புடி புடிச்சியா? கெளம்பலாமா?"

"பேசாம படுங்க. கீழ சம்பந்தி கெளம்பிப் போற வரைக்கும் நாம இந்த ரூமை வுட்டு வெளிய போறதில்ல."