மஞ்சள் விமானத்துக்கு வழி

திடீரென்று மேற்கிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்புகிறது. கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில், ஒரு கடுகு வயலுக்கு மேலே, பயிருக்கு மருந்தடிக்கும் மஞ்சள் விமானம் ஒன்று தாழப் பறந்து வருகிறது. லோரெய்னின் கட்டைவிரல்கள் உடனே விசையைக் கீழே இழுக்கின்றன. அவளுடைய ட்ரோன் விறுவிறுவென்று இறங்கி, புல்லில் விரித்த ஆரஞ்சுப் பாய்மேல் உட்கார்ந்து விசிறிகளை நிறுத்துகிறது. ட்ரோன் உரிமத்துக்காக அவளுக்கு நடக்கும் மூன்றாவது பறப்புத் தேர்வு இது. இதிலும் தேறாவிட்டால், பயிரைப் படமெடுக்க மூன்று பண்ணைகள் தருவதாகச் சொன்ன வேலை கைநழுவிவிடும். காற்றில் படபடக்கும் தாளை முழங்கையால் அமுக்கியபடி நிற்கிறார் தேர்வாளர் ஹால்வர். "பாதியிலயே இறக்கிட்டீங்களே லோரெய்ன்? அது இன்னும் ஒரு மைல் தள்ளித்தானே வருது?" "ஆள் ஓட்டற விமானம் வந்தா நாமதானே வழி விடணும்? ஃபெயில்னா ஃபெயில் போட்டுக்கோங்க." கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட அவள் தட்டவில்லை. ஹால்வரின் பேனா நிதானமாக ஒரு டிக் போடுகிறது. "வழி விட்டதாலதான் பாஸ். போன தடவை இதுலதானே கோட்டை விட்டீங்க?" தலைக்கு மேலே வந்த விமானம் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுத் திரும்புகிறது. ஹால்வர் அண்ணாந்து பார்க்கிறார். "யாரு அந்தக் கிறுக்கன், பரீட்சை நடக்கற இடத்துல?" லோரெய்ன் தலையைக் குனிந்துகொள்கிறாள். "என் புருஷன். தைரியம் சொல்ல வர்றேன்னாரு. கார்ல வருவாருன்னு நெனச்சேன்."