டமாரத்தின் குரல்

அழைப்பு மணி வரை போன கை இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் தரம் இயக்குநர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழுத்தினார்.

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். 'அக்கா, படத்துல டமாரத்துக்கு நீங்க பேசல.'

டமாரம் பத்து வயதுக் கார்ட்டூன் பையன். வீட்டில் நடப்பதையெல்லாம் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து அப்பா அம்மாவை மாட்டிவிடுவதுதான் அவன் வேலை. இருபத்திரண்டு வருஷமாக டிவியில் வாராவாரம் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மட்டும் வயது ஏறவே இல்லை. அவனுக்குக் குரல் கொடுக்கும் அக்காவுக்கு அறுபத்து மூன்று ஆகிவிட்டது.

இப்போது டமாரம் சினிமாவுக்குப் போகிறான். இரண்டு மணி நேரப் படம். அதற்காக இயக்குநர் பதினோரு வருஷம் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் கிடைத்த தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றைத் தவிர.

"பெரிய திரைக்குப் பெரிய பேர் வேணும்" என்று, பிரபல நடிகை ஒருவரை டமாரத்துக்குக் குரல் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார்.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று கிளம்பி வந்திருந்தார் இயக்குநர். மனசுக்குள் ஒரு முடிவும் இருந்தது. அக்கா கண் கலங்கினால், படமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது.

கதவு திறந்தது.

"வாடா. என்ன, முகமெல்லாம் தொங்கிப்போயிருக்கு?"

"வெயில்க்கா."

காபி வந்தது. சொல்ல வந்தது மட்டும் வரவில்லை. பழைய கதையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் எபிசோட் ஞாபகம் இருக்காக்கா? வாடகை வீட்டு ரூம்ல, சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வெச்சு..."

"மறக்குமா? எதிரொலிக்குதுன்னு என் தலையைத் துணி பீரோவுக்குள்ள விட்டு இல்ல பேச வெச்சே. சத்தம் கேக்குதுன்னு ஃபேனையும் நிறுத்திட்டே. வெளியில வரும்போது குளிச்ச மாதிரி இருந்தேன்."

"அப்போ பக்கத்து வீட்டு நாய் வேற."

"ஆமா, நான் அழற இடத்துல சரியாக் குரைச்சிடுச்சு. திரும்பப் பேசறேன்னு சொன்னேன். நீதான், இருக்கட்டும்க்கா, ஒரு நாயை வரைஞ்சிடறேன்னே."

"ஒரு எபிசோடுக்குன்னு வரைஞ்சேன். இருபத்திரண்டு வருஷமா நம்மகூடவே ஓடுது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, படம் விஷயமா..."

"நானே உன்கிட்ட பேசணும்னு இருந்தேன். என்னை விட்டுடு. வேற ஆளைப் பாத்துக்கோ."

காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஏன்க்கா? உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அலுத்துப்போச்சுடா. எத்தனை வருஷம் மூக்கை அடைச்சுக்கிட்டுக் கத்தறது? எனக்குன்னு ஒரு குரல் இருக்கறதே மறந்துபோச்சு."

"டமாரம் என் பிள்ளை மாதிரின்னு சொல்வீங்களேக்கா."

"பேட்டியில வேற என்ன சொல்லுவாங்க? அதையெல்லாம் நீயுமா நம்பினே?"

இயக்குநருக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. அதன் பின்னாலேயே சுருக்கென்று ஒரு வலியும் வந்தது. சொல்லிக்கொண்டு கிளம்பினார். காபி பாதி அப்படியே இருந்தது.

ஆபீசுக்கு வந்ததும் மேனேஜர்தான் அகப்பட்டார்.

"அக்காவே வேணாம்னுட்டாங்கய்யா. ஒரு சொட்டு வருத்தம் இல்ல. ஏதோ பழைய செருப்பைக் கழட்டிப் போடற மாதிரி சொல்லிட்டாங்க."

மேனேஜர் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"இவங்களுக்காக நான் படத்தையே விட்டுடலாம்னு போனேன். என்னைச் சொல்லணும். பேர் வந்ததும் தலைக்கனமும் வந்துடுச்சு. நாமதான் அக்கா, அக்கான்னு உருகிக்கிட்டு இருந்திருக்கோம்."

"சார்."

"என்ன?"

"கோவிச்சுக்காதீங்க. அக்காவுக்கு நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும்."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெக்கார்டிங் என்னைக்கு, தொண்டையைத் தயார் பண்ணணுமேன்னு அவங்களே போன் பண்ணாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல சார். நடிகை விஷயத்தைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"டமாரம் நிஜமா அழற இடத்துல மட்டும் மூக்கை அடைச்சுக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லுன்னாங்க. இன்னும் நாலஞ்சு விஷயம் சொன்னாங்க. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

இயக்குநர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க சார். 'அவன் என்கிட்ட சொல்ல வருவான். என் முகத்தைப் பாத்தான்னா படத்தையே தூக்கிப் போட்டுடுவான். அவன் ஆரம்பிக்கறதுக்குள்ள நானே வேணாம்னு சொல்லி, நாலு வார்த்தை சுடச்சுடப் பேசி அனுப்பிடறேன். கோவத்துலயாவது போய் படத்தை எடுக்கட்டும்'னாங்க."