முனகல் தீர்மானம்

உலக இணையத்தை யார் ஆள்வது என்று பேசும் மாநாட்டில் கை தூக்கி வாக்களிப்பதில்லை. அது நாகரிகமில்லையாம். ஆதரிப்பவர்கள் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். எந்தப் பக்கத்து முனகல் பலமோ அதுவே ஒருமித்த கருத்து. அரசுகள், கம்பெனிகள், நிபுணர்கள் என்று அரங்கம் நிறையக் கோட்டுகள். 'பொதுஜனம்' என்ற அட்டைக்குப் பின்னால் செண்பகவல்லி மட்டும். ஊரில் சின்னத் தகராறு என்றாலும் அரசு சொல்லாமல் கொள்ளாமல் இணையத்தை நிறுத்திவிடுவதால், அவளுடைய பிரவுசிங் சென்டர் மூடப்படும் நிலையில் இருந்தது.

"சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பவர்கள்?" என்றார் தலைவர். செண்பகவல்லி மூச்சைப் பிடித்து முனகினாள். "நிறுத்தலாம் என்பவர்கள்?" ஒருவரும் முனகவில்லை. அந்த நேரம் பார்த்து ஏசி உறுமியது.

"நிறுத்துவதற்குப் பலத்த ஆதரவு" என்று தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

"சார், அது ஏசி சத்தம்லா!"

"இருக்கட்டும்மா. இங்க எந்தத் தரப்பையும் ஒதுக்குறதில்ல."

அவள் எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு, சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றாள். கோட்டுகளுக்குள் வியர்வை இறங்கியது.

"என்னம்மா இது, ஒரு வார்த்த சொல்லாம நிறுத்திட்டீங்க?"

"பாதுகாப்புக் காரணம் சார். மறு உத்தரவு வர்ற வரைக்கும் இப்படித்தான்."

"ஏசி வேணும்ங்கிறவங்க..." தலைவர் முடிப்பதற்குள், மாநாட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக, அரங்கம் முழுவதும் ஒரே குரலில் முனகியது.

செண்பகவல்லி கையை எடுக்கவில்லை. "முந்தின கேள்விய இன்னொரு தடவ கேளுங்க சார்" என்றாள்.