ஒற்றைக் கும்பிடு

மல்சுனின் நெற்றிக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது. இரண்டு முறை தரையில் பட்டால் ஒரு துணிக்கடை.

சும்மா கடை இல்லை. தேகு நகரத்துப் பெரிய சந்தையில், படிக்கட்டுக்கு நேர் எதிரே, கூட்டம் தானாக வந்து முட்டுகிற இடம். பதினெட்டு வருடம் அவளும் புருஷன் தல்சுவும் கால் கடுக்க நின்று நடத்தியது. பத்திரம் மட்டும் தல்சுவின் அண்ணனான மூத்தார் பெயரில் இருந்தது.

தல்சு போய் மூன்று மாதம் ஆகிறது.

கடைசியில் பேச்சு நின்றுவிட்டது அவனுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். ஒரே கடவுள் என்று சாட்சி சொல்லிப் போனான் என்றார் சபைப் போதகர். உனக்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்லிப் போனான் என்றார் மூத்தார்.

இன்று அறுவடைத் திருநாள் காலை. மூத்தார் வீட்டுக் கூடத்தில் படையல். புது அரிசிச் சோறு, பைன் இலை மணக்கும் கொழுக்கட்டை, உப்புச் சுறா, தலை சீவிய பேரிக்காய். முன்னோர்களுக்கு அவளைத் தவிர எல்லாரும் விழுந்து எழுந்தாயிற்று.

ஓரத்தில் புதிதாகத் தல்சுவின் படம். சபைச் சுற்றுலாவில் எடுத்தது. கையில் இருந்த வேதப் புத்தகத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டிருந்தார்கள்.

உயிரோடு இருந்தவரை அவன் இந்தப் படையலுக்கு முன்னால் விழுந்ததே இல்லை. எந்த உருவத்தின் முன்னும் விழாதே என்று வேதம் சொல்கிறது என்பான். அண்ணன் என்ன ஏசினாலும் சிரித்துக்கொண்டே சுவரோரம் நிற்பான். அவளைச் சபைக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். இப்போது அந்தச் சுவரோரத்தில் அவள் நிற்கிறாள்.

தம்பிக்கு அண்ணன் விழுகிற வழக்கம் இல்லை. பிள்ளையும் இல்லை. விழ வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

"இருந்தவரைக்கும் அவன் உங்க சாமி வீட்டுப் பிள்ளை, விட்டுட்டேன். செத்தப்புறம் எங்க வீட்டு ஆளும்மா. அவனைப் பட்டினியா நிக்க விடுவியா?" மூத்தாரின் குரல் கொஞ்சம் உடைந்தது. பத்திரம் அவர் மடியிலேயே இருந்தது.

பெண்களுக்குப் பழைய கணக்கு நான்கு கும்பிடு. பண்டிகையன்று கடை திறக்க நேரமாகிறது என்று அந்த வீட்டில் எப்போதோ இரண்டாக்கிக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு இரண்டு. அதற்குக் கீழே விலை இறங்காது.

மல்சுன் கேட்டுத்தான் பார்த்தாள். "நாலை ரெண்டாக்கினீங்களே மச்சான். அந்த ரெண்டையும் தள்ளுபடி பண்ணக் கூடாதா?"

"இது என்ன முழம் போடற துணியா?"

போதகரும் விலை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். படத்தின் முன்னால் தாழ்ந்த நெற்றி, சபையில் அப்பம் பகிரும் திருவிருந்துப் பந்திக்கு வரக் கூடாது.

அவள் சுவரை விட்டு நகர்ந்தாள்.

படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டாள். நெற்றி தரையைத் தொட்டது. மூத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்தாள்.

எல்லாரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

"இன்னொண்ணு இருக்கேம்மா!" மூத்தார் பின்னாலேயே வந்தார். "ஒண்ணோட நிறுத்தினா அது உசிரோட இருக்கறவனுக்குப் போடறது."

"தெரியும் மச்சான்."

"பைத்தியமா உனக்கு? முக்கால் கிணறு தாண்டிட்டு விழறியே. கடை போகுது!"

"போகட்டும்."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. மங்கலான நூல்துணியைப் பட்டு என்று விற்றிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போதகர் சபை வாசலிலேயே மறித்து "விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டபோது, "ஒண்ணு" என்றாள்.

"அந்த ஒண்ணே அதிகம்."

அப்பத் தட்டு வரிசையாக வந்தது. அவளிடம் வரும்போது உயர்ந்தது, அவளைத் தாண்டிப் பக்கத்துப் பெண்ணிடம் இறங்கியது. மல்சுன் மடியில் கையைக் கோத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

போன புத்தாண்டுக் காலையில் அவளும் தல்சுவும் இருந்த அறையில் வேறு யாரும் இல்லை. வருடாவருடம் அன்று புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே மண்டியிட்டு, ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு வாழ்த்திக்கொள்வார்கள். எழும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த முறை தல்சு போட்டு முடித்தான். அவள் முறை வந்தபோது, ஊருக்குப் போகிற மொத்த வியாபாரி ஒருவன் கீழே கதவைத் தட்டினான்.

"என்னோடதைக் கடன்ல வச்சுக்க. சாயங்காலம் தரேன்" என்று படியிறங்கி ஓடினாள்.

சாயங்காலம் மறந்துபோனது. மறுநாள் வியாபாரம். தல்சு விடவில்லை. கடையில் கூட்டத்துக்கு நடுவே, துணி மூட்டைகளுக்கு மேலாக, அவள் கண்ணில் படும்படி ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். பாக்கி ஒன்று. அவள் பழிப்புக் காட்டுவாள்.

ஆஸ்பத்திரியில் அவன் அந்த விரலைத் தூக்கியபோது, கட்டிலைச் சுற்றிப் போதகரும் மூத்தாரும் சபைக்காரர்களும் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே மண்டியிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூட்டம் கலையட்டும் என்று இருந்தாள்.

அண்ணன் வீட்டில் ஒன்று குறைவு. ஆண்டவர் வீட்டில் ஒன்று அதிகம்.

தல்சுவுக்குப் பாக்கி இல்லை.